டப்பா மேல் பாண்டி

நர்சு வேலையில் ஊசி போடுவது சுலபம், "பிள்ளை ஏன் இப்படி இளைச்சுக் கெடக்கு?" என்று ஊர் கேட்கும்போது தாய்க்காகப் பரிந்து பேசுவதுதான் பெரும்பாடு. அந்தக் கேள்வியை வாங்கிக் கட்டிக்கொண்டு முந்தானையில் கண்ணைத் துடைத்த தாய்மார்களே, நான் படும் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். எழுபதுகளின் கடைசியில், போடிநாயக்கனூரை அடுத்த மலையடிவாரக் கிராமத்தில், தாய் சேய் நல நிலையத்தில் இருந்தேன்.

தராசுக்குப் பிளாஸ்திரி

பிள்ளைகளை எடை போடும் தராசு துருப்பிடித்துவிட்டது. புதுசு கேட்டு எழுதி எழுதிக் கை ஓய்ந்தபோது, குழந்தைகளுக்கான சத்துப் பவுடர் விற்கும் கம்பெனி ஒன்று இலவசமாகவே ஒரு தராசைக் கொண்டுவந்து இறக்கியது. பவுடரில் முக்கால்வாசி சீனிதான். தராசுத் தட்டில் கம்பெனியின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. எடை சரியாகக் காட்டியதால் திருப்பி அனுப்ப மனமில்லை. பெயரை மட்டும் பிளாஸ்திரி ஒட்டி மறைத்தேன்.

அன்றைக்கு முதல் ஆளாக வந்தவள் செல்லத்தாயி. விடிவதற்குள் ஜீப்பேறி ஏலத்தோட்டத்துக்குக் காயெடுக்கப் போகிறவள். மகன் பாண்டியைத் தட்டில் உட்காரவைத்துவிட்டுக் கேட்டாள்: "என்ன நர்சம்மா, தராசுக்குப் புண்ணா?"

கொழுகொழு போட்டி

அந்தக் கம்பெனியே பிள்ளைகளுக்குக் 'கொழுகொழு' போட்டி வைத்தது. பந்தல், மைக்செட்டு, வந்தவர்களுக்கெல்லாம் பலூன். பத்து மாதப் பாண்டிக்கு முதல் பரிசு. தாய்ப்பாலும், முளைகட்டி அரைத்த கேப்பைக் கூழும் தவிர வேறெதையும் அறியாத பிள்ளை அவன்.

செல்லத்தாயியின் கையில் அந்தக் கம்பெனி டப்பா ஒன்று இருந்தது. டீக்கடையில் காலியாகக் கிடந்ததை வாங்கிக் கழுவிக் காயவைத்து, எறும்பு ஏறாமல் இருக்கக் கேப்பை மாவைக் கொட்டி வைத்திருந்தாள். விற்பனைக்காரர் முகமெல்லாம் பல்லாகி, பாண்டியையும் டப்பாவையும் சேர்த்துப் போட்டோ எடுத்தார். "அண்ணே, உள்ள இருக்குறது கேப்பை மாவுண்ணே" என்று அவள் பதறினாள். நானும் எடுத்துச் சொன்னேன். அவர் கேமராவை மூடிக்கொண்டே சொன்னார்: "டப்பா எங்களுதுதானேம்மா, அது போதும்."

ஜீப் நிற்கும் இடமெல்லாம்

கொஞ்ச நாளில் போடியிலிருந்து போடிமெட்டு வரை, ஜீப் நிற்கும் டீக்கடைச் சுவரொட்டியிலெல்லாம், புதுசாக வந்த டப்பாக்கள் மேலெல்லாம் பாண்டி சிரித்தான். தினம் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே மலையேறிய பெண்கள், ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி பவுடர் வாங்க ஆரம்பித்தார்கள். பகலில் பால் கொடுக்கத் தாய் இல்லாத வீடுகள். ஒரு டப்பாவை மாதம் முழுக்க இழுக்கவேண்டும் என்று தண்ணீரை அளவுக்கு மேல் ஊற்றிக் கரைத்தார்கள். வயிற்றுப்போக்கோடு வரும் பிள்ளைகள் கூடிக்கொண்டே போனார்கள்.

பொறுக்கமாட்டாமல் சுகாதார அலுவலகத்துக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். பேசத் தெரியாத பிள்ளைகளுக்காக யாராவது பேசவேண்டாமா? அதிகாரி நல்ல மனுஷர்தான். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "டப்பாக்குள்ள கலப்படம்னா நாளைக்கே பிடிச்சிரலாம். டப்பா மேல இருக்கிற படத்தைப் பிடிக்கச் சட்டம் ஏதும்மா?"

பாண்டியின் தங்கை

மூன்று வருடம் கழித்து, செல்லத்தாயி தன் இரண்டாவது பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். பெண் குழந்தை. கண் குழிவிழுந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. கூடையில் அதே கம்பெனி டப்பா. திறந்து பார்த்தேன், இந்தத் தடவை உள்ளே பவுடரேதான். உப்பும் சர்க்கரையும் கரைத்துச் சொட்டுச் சொட்டாகப் புகட்டிக்கொண்டே ஜீப்பில் போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிர் தங்கிவிட்டது. ஆனால் அண்ணனின் வளர்த்தி அந்தப் பிள்ளைக்குக் கடைசிவரை வரவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறுவதில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில், கோபத்தை அடக்கமாட்டாமல், "பாண்டி எதைக் குடிச்சு வளந்தான்னு உனக்குத் தெரியாதா?" என்று கத்திவிட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்: "கேப்பைன்னு தெரியும் நர்சம்மா. ஆனா தெனமும் செவுத்துல எம் புள்ளையவே பாத்துப் பாத்து, எனக்கே சந்தேகமாப் போச்சு. அந்தக் காலி டப்பாவுல கொஞ்சம் பவுடர் ஒட்டியிருந்துருக்குமோ?"

இத்தனை வருட சர்வீஸில் எத்தனையோ நோய்க்குத் தடுப்பூசி போட்ட எனக்கு, பெற்றவளின் கண்ணையே ஏமாற்றும் அந்தச் சுவர்ப் படத்துக்கு ஒட்டக் கிடைத்ததெல்லாம் வெறும் பிளாஸ்திரிதான்.