துண்டுப்பூச்சியைத் தேடி ஸ்ரீவைகுண்டத்துக்கு

போன மாசியில் இரண்டு நாள் விடுப்பு மிச்சம் இருந்தது. துண்டுப்பூச்சியைப் பார்க்கப் போகிறேன் என்றதும் வீட்டில் சிரித்தார்கள். அப்படி ஒரு பூச்சியே கிடையாதாம். வந்த கோபத்தில் மதுரையிலிருந்து கிளம்பி, சனிக்கிழமை காலை ஏழரைக்குத் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் பஸ் ஏறினேன். ஸ்ரீவைகுண்டம் முப்பது கிலோமீட்டர், டிக்கெட் இருபத்தெட்டு ரூபாய். எல்லா சீட்டிலும் யாரோ துண்டையோ கைக்குட்டையையோ போட்டு வைத்திருந்தார்கள். ஒரு மணி பத்து நிமிடமும் நின்றுகொண்டேதான் போனேன்.

பூச்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கட்டைவிரல் நகம் அளவு, பச்சை நிறம், முகத்தில் எப்போதும் ஓர் அவசரம். வாழை இலையின் நுனிதான் அதற்கு வேண்டும். அங்கேதான் ஆற்றுக்காற்று வரும். இலவம்பஞ்சில் ஒரு துணுக்கை எடுத்துவந்து, உட்காராமல் பறந்தபடியே இலைமேல் எறியும். இடம் பிடித்தாயிற்று. அப்புறம் எங்கே போகுமோ, மூன்று நாள் ஆளையே காணோம். வேறொரு துண்டுப்பூச்சி வந்தால் பஞ்சைப் பார்க்கும், முணுமுணுத்துக்கொண்டே அடுத்த இலைக்குப் போகும். பஞ்சு கிடைக்காத அப்பாவிகள் தண்டைப் பிடித்துக்கொண்டு ஆயுள் முழுக்க நின்றே கழிக்கும். முட்டை சுமக்கிற பெண்பூச்சிக்கு மட்டும் எழுந்து இடம் கொடுக்கவேண்டும் என்பது முறை. மனமில்லாமல் தூங்குவதுபோல் நடிக்கிற ஆண்பூச்சிகளும் உண்டு.

ஆற்றோரத் தோப்புக்கு ஆட்டோ அறுபது ரூபாய். பத்து மணிக்குப் போனபோது தோப்புக்கார அண்ணாச்சி, கையில் அரிவாளோடு தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"நாளைக்கு மகளுக்கு நிச்சயம். மாப்பிள்ள வீட்டுல நாப்பது பேரு வாராவ. அத்தன பேருக்கும் எங்க தோப்பு நுனி இலதான்னு வாக்கு குடுத்திருக்கேன். முப்பத்தொம்போதுதான் தேறுது."

வெட்டாமல் விட்டிருந்த ஓர் இலையைக் காட்டினேன். "அந்த இலை நல்லாத்தானே இருக்கு அண்ணாச்சி?"

"பஞ்சு கெடக்குல்லா? பஸ்ஸுல கெடக்க துண்ட எடுத்துப் போட்டுட்டு உக்காருவீரா? மனசு வரல வே."

பஞ்சு போட்ட பூச்சி வரட்டும் என்று இருவரும் வரப்பில் உட்கார்ந்து காத்திருந்தோம். நாலு மணிக்கு அவருக்குப் பொறுமை போய்விட்டது. "இருட்டுன பொறவு இல வெட்ட முடியாது" என்று எழுந்தார். நான் அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். சுயநலம்தான். அவர் மானம் போவதைவிட எனக்குப் பூச்சியைப் படம் எடுப்பது முக்கியமாக இருந்தது.

நாலு நாற்பதுக்கு வந்தது! பஞ்சின்மேல் உட்கார்ந்து ஒரு தடவை சுற்றிப் பார்த்தது. பக்கத்து இலையில் ஏற்கெனவே மூன்று பேர். தெரிந்தவர்கள் போலிருக்கிறது, மூன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி உட்கார்ந்தன. நம்மாள் பஞ்சைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விட்டது.

"எடம் காலி வே!" என்று கத்தி, ஒரே வெட்டில் இலையை எடுத்துவிட்டார் அண்ணாச்சி. நான் அவரைக் கட்டிப்பிடிக்காத குறை. என் படத்தில் அவர் முதுகு மட்டும் விழுந்திருக்கிறது.

மறுநாள் கட்டாயம் வரச் சொன்னார். திருநெல்வேலியில் எழுநூறு ரூபாய் அறையில் தங்கிவிட்டு மதியம் போனேன். மாப்பிள்ளை வீட்டார் நாற்பது பேருக்கும் நுனி இலை. அவர்கள் எழுந்ததும் வீட்டாரோடு என்னையும் உட்காரவைத்து இலை போட்டார்கள். நானும் வெட்கமில்லாமல் இரண்டாம் முறை பாயசம் கேட்டேன். கை கழுவ எழுந்தபோதுதான் கவனித்தேன்: கடைசி ஓரத்தில் அண்ணாச்சியும் அவர் வீட்டம்மாவும் ஒரே இலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி என்னைப் பார்த்து, "பாயசம் எப்பிடி வே?" என்று சிரித்தார்.

போக நினைப்பவர்களுக்கு: மாசி, பங்குனி நல்ல சமயம். குடிதண்ணீர் எடுத்துப் போங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம். பெரிய பஞ்சு என்று நினைத்து ஒன்றும் கிட்டே வராது. சாப்பிடக் கூப்பிட்டால் மறுக்காதீர்கள். ஆனால் உட்காருவதற்கு முன்னால், அது யாருக்கு வைத்திருந்த இலை என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்கவில்லை.