எலும்பு நிறத்தில் முப்பது வீரர்கள்

என் 2011ஆம் ஆண்டு டைரியில், செப்டம்பரில் மாமனார் இறந்த நாளுக்கு முந்தைய பக்கத்தில் ஒரு கலவைக் குறிப்பு இருக்கிறது: வெள்ளை எட்டுச் சொட்டு, மஞ்சள் ஒரு சொட்டு. பொம்மை வீரர்களின் கவசத்துக்கு எலும்பு நிறம் வர வேண்டிய கலவை அது.

வீரர்கள் என் மச்சானுடையவர்கள். மனைவியின் தம்பியான அவன் அப்போது சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் வேலை பார்த்தான். சிங்கப்பூர் நண்பன் ஒருவன் அனுப்பிய பெட்டியில் ஒரு அங்குல உயரத்தில் முப்பது பேர் வந்திருந்தார்கள். மேசையில் படைகளை நிறுத்திப் பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டு. வர்ணம் பூசாத படையோடு போனால் புதுச்சேரி நண்பர்கள் ஆட்டத்தில் சேர்ப்பதில்லையாம். தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு ஆட்டம் என்று முடிவாகியிருந்தது. சனிக்கிழமைகளில் மதியச் சாப்பாட்டுக்கு முன் கடலூரிலிருந்து பஸ் பிடித்துப் போய் அவனுக்கு உதவுவேன்.

முதல் சனிக்கிழமை முழுவதும் ஒரே ஒருவனைத்தான் முடித்தேன்.

"மாமா, நீங்க ஒருத்தனுக்குச் சட்ட மாட்டி உடுறதுக்குள்ள எதிரி வந்து ஊரப் புடிச்சிட்டுப் போயிடுவான்" என்றான்.

"வேல சுத்தமா இருக்க வேணாமா?"

"இது பல்லக்கு இல்ல மாமா, பட்டாளம். வேகம் வேணும்."

வேகத்துக்கு அவன் ஒரு வழி வைத்திருந்தான். உடம்பு முழுக்க வெளிர் நிறம். அதன்மேல் டர்பன்டைனில் கரைத்த பழுப்பு. அரை மணி நேரம் கழித்து, காது குடையும் பஞ்சுக்குச்சியால் மேடான இடங்களை மட்டும் துடைக்க வேண்டும். பள்ளங்களில் பழுப்பு தங்கிவிடும். துடைத்த இடம் வெளுக்கும். தோள், முழங்கால், மார்பு எல்லாம் பழைய எலும்பாகிவிடும். அப்படிப் பதினெட்டுப் பேரை முடித்திருந்தபோதுதான் மாமனார் போனார்.

மாமனார் ஊர் மாதா கோவில் கல்லறையில் இடம் குறைவு. குடும்பத்துக்கு ஒரு குழி. அடுத்தவரை இறக்கும்போது, முன்பு இருப்பவரின் எலும்புகளை எடுத்து வெள்ளைத் துணியில் கட்டிப் புதுப் பெட்டியின் கால்மாட்டில் வைப்பார்கள். அந்தக் குழியில் 2004 முதல் இருந்தவர் என் மாமியார்.

"வூட்டாளு யாராச்சும் ஒருத்தர் பக்கத்துல நில்லுங்க சார்" என்றார் குழி வெட்டுபவர். நிற்க வேண்டியவன் மகனான மச்சான். அவன் என் கையைப் பிடித்தான்.

"நீங்க நில்லுங்க மாமா. என்னால ஆவாது."

அவன் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி நின்றான். நான் குழியோரம் நின்றேன்.

வெள்ளையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். வந்தது டீ வடிகட்டிய சக்கையின் நிறம். குழி வெட்டுபவர் கை எலும்பொன்றை எடுத்து, ஒட்டியிருந்த மண்ணைக் கட்டைவிரலால் மெல்லத் தள்ளினார். தேய்த்த மேட்டில் நிறம் கொஞ்சம் வெளுத்தது. ஓரத்துப் பள்ளத்தில் பழுப்பு தங்கியது. என் வலது கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது மச்சான் கேட்டான்.

"அம்மா எப்பிடி இருந்தாங்க?"

"வெள்ளையா, சுத்தமா இருந்துச்சு."

"வெள்ளையாவா?"

"ம்."

அவன் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. எல்லாவற்றையும் தேதி போட்டுத் தப்பில்லாமல் எழுதி வைக்கும் நான் அன்றைய பக்கத்தில் இந்தப் பேச்சை எழுதவில்லை.

மீதிப் பன்னிரண்டு பேரை வீட்டிலேயே பூசுகிறேன் என்று கடலூருக்கு எடுத்து வந்தேன். வெளிர் நிறம் பூசியாயிற்று. பழுப்புப் புட்டியின் மூடியைத் திறந்தேன், மூடினேன். பஞ்சுக்குச்சியைக் கையில் எடுத்தாலே குழி வெட்டுபவரின் கட்டைவிரல் கண்முன் வந்து நின்றது. கடைசியில் பழுப்பே இல்லாமல் பன்னிரண்டையும் கொண்டுபோனேன். ஆட்டத்துக்கு எட்டு நாள் இருந்தது.

மேசையில் பழைய பதினெட்டுக்குப் பக்கத்தில் அவற்றை நிறுத்தியதும் மச்சான் சிரித்தான். அப்பா போன பிறகு அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"இன்னா மாமா, இவனுங்க மட்டும் சோப்பு போட்டுக் குளிச்சிட்டு வந்திருக்கானுங்க? பழுப்பு போடலியா?"

"வேணாம்னு உட்டுட்டேன்."

"நீங்களா? ஒரு சொட்டு கொறஞ்சாக்கூட டைரில எழுதுவீங்களே. ஏன்?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பிசுபிசுத்துப் போச்சு, டர்பன்டைன் தீர்ந்துபோச்சு என்று ஏதாவது. பழுப்புப் புட்டியை அவன் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவன் என்னைப் பார்த்தான், பழுப்புப் புட்டியைப் பார்த்தான், பள்ளங்களில் பழுப்பு தங்கிய பழைய பதினெட்டுப் பேரைப் பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது.

"அன்னிக்கி வெள்ளைன்னு சொன்னீங்க."

வெளிர் வீரன் ஒருவனை எடுத்து வரிசையில் நேராக வைத்தேன்.

"இல்லியா மாமா?"

"இல்ல மச்சான்."

அவன் கோபப்படுவான் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். வெளிர் வீரன் ஒருவனை எடுத்து, புட்டியைத் திறந்து, தலை முதல் கால் வரை பழுப்பைப் பூசினான். ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டினான்.

"இவ்ளோவா?"

"இல்ல."

இன்னொரு பூச்சு. "இன்னும் ஜாஸ்தியா?"

"கொஞ்சம்."

மூன்றாவது பூச்சு காயும்வரை உள்ளங்கையில் வைத்து ஊதிக்கொண்டே இருந்தான். பிறகு மறுபடி நீட்டினான்.

"இதுவா?"

தலையாட்டினேன். அவன் அதை வெகுநேரம் பார்த்தான். பிறகு அடுத்தவனை எடுத்தான். பன்னிரண்டு பேருக்கும் அப்படியே. ஒவ்வொருவனையும் பூசிவிட்டு என்னிடம் நீட்டிக் கேட்டான். ஒவ்வொரு முறையும் நான் பார்த்துத்தான் சொன்னேன். பஞ்சுக்குச்சியை இருவருமே எடுக்கவில்லை.