ராக்காயி அக்காவின் கையெழுத்து

எங்கள் டவுனின் பழைய நகர மன்றக் கட்டடத்துக்குப் போன மாதம் திறப்பு விழா நடந்தது. தூண்களுக்கு வெள்ளையடித்து, நின்றுபோன கோபுரக் கடிகாரத்தை ஓட வைத்து, ஏக தடபுடல். பேப்பரில் படம்கூட வந்தது. அதில் ஓரமாகக் கம்பெனிச் சட்டையோடு நிற்பவன்தான் நான், கோகிலன், அந்தப் புதுப்பிப்பு வேலைக்கு ஆட்களை மேய்க்கிற மண்டோர். அந்தப் படத்தை யாராவது காட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஏன் என்று சொல்ல, ராக்காயி அக்காவிலிருந்து தொடங்க வேண்டும்.

அக்கா கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பதின்மூன்று வயதில் பால்மரம் வெட்டப் போனார். தோட்டம் கைமாறி, ரப்பரைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது, லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். புருஷன் உடையப்பனுக்கு நகர மன்றத்தைக் காவல் காக்கிற ஜாகா வேலை கிடைத்தது. அக்காவுக்கு அங்கேயே கூட்டித் துடைக்கிற வேலை. முப்பத்தொரு வருஷம் அதைச் செய்தார். மாடிப்படிக் கைப்பிடி பளபளவென்று இருந்ததென்றால் அது அக்காவின் கை. வாயும் லேசுப்பட்டதில்லை. ஈரத் தரையில் யார் கால் வைத்தாலும், "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று கேட்டுவிடுவார். தமிழ் தெரியாத அதிகாரிகள் வாழ்த்துகிறார் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

பள்ளிக்கூடம் பக்கம் அக்கா போனதில்லை. தோட்டத்துப் பெரட்டில், விடிகாலை ஆள் கணக்கெடுக்கும்போது, பேர் கூப்பிட்டால் குரல் கொடுத்தால் போதும். நகர மன்றத்தில் சேர்ந்த அன்று கையெழுத்துக் கேட்டார்கள். அக்கா கட்டை விரலை நீட்டினார். ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணி ஒருத்தன் சிரித்துவிட்டான். அன்று சாயங்காலமே உடையப்பன் அண்ணன், மாடிப்படிக்குக் கீழே இருந்த ஸ்டோர் ரூம் சுவரில் ஆணியால் 'ராக்காயி' என்று கீறி, கீறலில் கரியைத் தேய்த்துவிட்டார்.

"இதப் பாத்து எழுது. அப்புறம் எவன் சிரிக்கிறான்னு பாப்போம்" என்றாராம்.

அதன் பிறகு கையெழுத்துப் போட எந்தப் பாரம் வந்தாலும் அக்கா அதை எடுத்துக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குள் போய்விடுவார். துடைப்பம் எடுக்கப் போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் அந்தச் சுவரைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக வரைந்துகொண்டிருப்பார். பார்க்காமல் எழுத அவருக்குக் கடைசிவரை கைவரவில்லை. பெயிண்ட் அடிக்க வந்தவர்களை அந்த மூலைக்கே விட்டதில்லை. அண்ணன் இறந்து பதினாறு வருஷம் ஆகிறது. வீட்டில் வெள்ளம் புகுந்ததில் போட்டோவெல்லாம் போய்விட்டது. அவர் கைபட்டது என்று மிஞ்சியிருந்தது அந்த நாலெழுத்துதான்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நாங்கள் வேலை செய்துகொண்டிருந்தபோது ஒரு நாள் அக்கா பென்ஷன் பாரத்தோடு வந்து நின்றார். உள்ளே போயே ஆக வேண்டும் என்றார். ஹெல்மெட் மாட்டிக் கூட்டிப் போனேன். அங்கே வைத்துத்தான் எல்லாவற்றையும் சொன்னார். மறுநாள் எங்கள் ஆர்கிடெக்ட் சுபாஷினி மேடத்திடம் காட்டினேன். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இதுவும் இந்தக் கட்டடத்தின்ர கதைதானே, கோகிலன். கண்ணாடி போட்டு வைப்பம். இந்தச் சுவர் சிம்பான்" என்றார்.

சிம்பான் என்றால் அப்படியே பத்திரமாக வை, கை வைக்காதே என்று அர்த்தம். எங்கள் வேலையிடத்தில் காப்பாற்ற வேண்டியதற்கெல்லாம் அந்த மலாய்ச் சொல்தான். சொன்ன கையோடு சிவப்பு டேப் ஒட்ட வேண்டும், அதுவும் என் வேலை.

அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "ஆத்தாடி, கண்ணாடியா! தொறப்பு விழாவுக்குக் கட்டாயம் வாரேன் லா" என்று சிரித்தார்.

டேப் லாரியில் இருந்தது. தே தாரிக் குடித்துவிட்டு ஒட்டலாம் என்று போனவன் அப்படியே மறந்துவிட்டேன். மறுநாள் காலையில் நான் கோபுரச் சாரத்தில் நிற்கும்போது, புதிதாக வந்த இந்தோனேசியக் கொத்தனார் கீழிருந்து, ஸ்டோர் ரூம் சுவரை என்ன செய்வது என்று மலாயில் கேட்டான். பக்கத்தில் கல் வெட்டும் மெஷின் அலறிக்கொண்டிருந்தது.

"சிம்பான்!" என்று கத்தினேன்.

"ஓகே, போஸ்!" என்று அவனும் கத்தினான்.

அவன் காதில் விழுந்தது 'சிமென்'. சிமெண்டுக்கு மலாயில் அதுதான் பேர். அடுத்திருந்த புதுக் கக்கூஸ் சுவருக்கு முந்தின நாள் சிமென் பூசச் சொன்னவனும் நான்தான். அவன் மேல் என்ன குற்றம்?

மத்தியானம் இறங்கிப் போய்ப் பார்த்தேன். சிமெண்ட் பிடிக்க வேண்டுமே என்று பழைய சுண்ணாம்பை நன்றாகக் கொத்திவிட்டுப் பூசியிருந்தான். வேலை சுத்தமான வேலை, பாவி! ஈரம் காயவில்லை. கையாலேயே வழித்துப் பார்த்தேன். உள்ளே வெறும் குழிகள்தான் இருந்தன. மேடம் மறுநாள்தான் கேமராவோடு வருவதாக இருந்தார். என் போனில் டுரியான் படம் இருக்கிறது, எவன் எவனோ கல்யாணத்துச் சாப்பாட்டு இலை இருக்கிறது, அந்தச் சுவர் மட்டும் இல்லை. சாரத்து ஏணி பன்னிரண்டே படி. இறங்கிப் போய்ச் சொல்ல எனக்கு என்ன கேடு?

அக்காவிடம் சொல்லவும் தைரியம் வரவில்லை. இன்று சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மூன்று வாரம் ஓட்டினேன். விழாவுக்கு அக்கா பச்சைப் பட்டுடுத்தி, பூ வைத்து வந்தார். யாரிடமும் நிற்காமல் நேராக மாடிப்படிக்குக் கீழே போனார். நான் பின்னாலேயே ஓடினேன். வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிறுத்தி வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா சுவரைக் கையால் தடவிப் பார்த்தார். "என்னாடா பண்ணி வச்சிருக்க, கோகிலா?" என்றார். அவ்வளவுதான். வாய்க்கு வந்தபடி ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

திரும்பி வரும்போது வாசல் மேசையில் இருந்த பெண், "அக்கா, நீங்க இங்க வேல செஞ்சவங்களாச்சே, கையெழுத்துப் போடுங்க" என்று வருகைப் புத்தகத்தை நீட்டினாள். அக்கா பேனாவை வாங்கினார். வாங்கியவர் மாடிப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பேனா தாளில் படவே இல்லை.

நான் கிட்டப் போய், "அக்கா, ஒரு தாளுல நான் எழுதித் தாரேன். அதப் பாத்துப் போடுங்க" என்றேன்.

"ஓங் கையெழுத்து எனக்கு எதுக்குடா?"

பேனாவை மேசையில் வைத்துவிட்டு மை கேட்டார். அந்தப் பெண் எங்கெங்கோ தேடி ஒரு மை டப்பாவைக் கொண்டுவந்தாள். இத்தனை வருஷம் கழித்து அக்கா கட்டை விரலை நீட்டினார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவர் விரல் வைத்த இடத்துக்கு மேல் வரியில், காலையில் நான் போட்ட கையெழுத்து இருந்தது, வளைத்து நெளித்து, அடியில் ஒரு கோடும் இழுத்து.