கோலி அந்தோணியின் நாடி

இறுதி ஆட்டத்துக்கு முந்தைய வாரம் கோச் ஜெயராமன் என் மேசைக்கு வந்து நின்றார். சுரங்கத்தின் நலப் பிரிவில் நான் அப்போது புதிது. மனோதத்துவம் படித்தவன் என்று ஃபுட்பால் டீமை என் தலையில் கட்டியிருந்தார்கள்.

"உன் நாடிக் கணக்கு இன்னா சொல்லுது? கோலி அந்தோணிய டீம்லருந்து எடுத்துடலாமா?"

ஆட்டத்துக்கு முன் ஒவ்வொருவர் கையையும் பிடித்து நாடி எண்ணுவது என் வேலை. "வைத்தியர் வந்துட்டாரு, நாக்க நீட்டுங்கடா" என்று டீமே கிண்டலடிக்கும். அந்தோணியின் நாடி சில நாள் நடக்கும், சில நாள் ஓடும். ஓடிய நாளெல்லாம் கோல்கீப்பரான அவன் கோல் விட்டான். எண்ணை மட்டும் நம்பினால் அவன் பயந்தாங்கொள்ளி.

அவனையே கேட்டேன். "மேட்ச்னா பயமா?"

"பயமா? எனக்கா? தெனமும் கேஜ் லிஃப்ட்ல பூமிக்குள்ள எறங்குறவன் சார் நானு. பந்து இன்னா கடிக்குமா?"

பேச்சை மட்டும் நம்பினால் அவன் மாவீரன். இரண்டில் ஒன்றைக் குப்பையில் போடுவது சோம்பேறி வேலை. ஆட்டத்தைப் பற்றிக் கேட்பதை விட்டேன். நாடி ஓடிய நாட்களில் காலையிலிருந்து என்ன செய்தான் என்று கேட்டேன். ஒவ்வொரு நாளின் கதையிலும் ஒரே பேச்சு வந்தது: "தம்பிய ரெண்டாம் ஷிஃப்ட்டுக்கு அனுப்பிட்டு வந்தேன்."

கீழே பாறை வெடித்தால் எங்கள் மைதானமே அதிரும். ஆட்ட நேரத்தில் தம்பி சூசை கீழே இருக்கும் நாளில் அந்தோணியின் கண் பந்தில் இல்லை, சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட்டில்.

"இத்த முன்னாடியே சொல்றதுக்கு இன்னாடா?" என்று கத்தினார் ஜெயராமன்.

"யாரு கேட்டாங்க? நீங்க பந்தப் பத்திக் கேட்டீங்க. சார் கையப் புடிச்சாரு."

ஜெயராமன் அலைந்து, சூசையைக் காலை ஷிஃப்ட்டுக்கு மாற்றினார். இறுதி ஆட்டத்தன்று அந்தோணியின் நாடி நிதானமாக நடந்தது. எனக்கு ஒரே பெருமை.

சூசை ஷிஃப்ட் முடிந்து குளித்துவிட்டு நேராக வந்து கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் நின்றான். "அண்ணே, லெஃப்ட்ல வரான் பாரு! தூங்கினு கீறியா?"

"வாய மூடுறா!" என்று அந்தோணி திரும்பினான். பந்து உள்ளே போனது.

ஜெயராமன் சூசையின் சட்டையைப் பிடித்து இழுத்து வந்து என் பக்கத்தில் உட்கார வைத்தார். "அண்ணன் நாடி சரியாச்சு. இவன் வாய யாரு எண்றது?" அதன்பின் அந்தோணி ஒரு கோலும் விடவில்லை. இரண்டுக்கு ஒன்றில் ஜெயித்தோம்.

எண் போதும் என்கிற ஆய்வாளர்களையும் பேட்டி போதும் என்கிறவர்களையும் எனக்குப் பிடிக்காது. எங்கே தோண்ட வேண்டும் என்று எண் காட்டும், தோண்டுவது பேச்சு. இரண்டையும் முடித்த பிறகு மைதானத்துக்கும் போய் நில்லுங்கள். அங்கே ஒரு சூசை கத்திக்கொண்டிருப்பான்.