பதினாலாவது கம்பி

ஒரு மனிதனுக்குப் பேச்சுத்துணை எவ்வளவு வேண்டும்? சுருளியாண்டிக்கு மணிக்கு ஒரு எண் போதும் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள்.

1997இல் அவர் மலைமேல் இருந்த நீர்த்தேக்கத்துக்குக் காவலராகப் போனார். தேக்கத்துத் தண்ணீர் பெரிய குழாயில் இறங்கி, அடிவாரத்துப் பவர் ஹவுஸ் மிஷினைச் சுழற்றும். தண்ணீருக்குள் போகும் இரும்பு ஏணியில் எத்தனை கம்பி வெளியே தெரிகிறது என்று மணிக்கொரு தடவை போனில் சொல்ல வேண்டும். பதினாலு தெரிந்தால் குழாய் காற்றை இழுத்துவிடும்; அதற்குள் மிஷினை நிறுத்தியாக வேண்டும். மேகம் இறங்கி ஏணியை மறைத்தால், கால் நனையும்வரை இறங்கி எண்ணுவார்.

கீழே கம்பம் ஊரில் இருந்த மனைவி முத்துப்பேச்சியிடம் பொங்கலுக்குப் பொங்கல், "வர்ற வருசம் கீழ வந்துருவேன்" என்பார். ஆறாம் வருடம் ஆடியில் அவளே ஜீப் ஏறி வந்துவிட்டாள்.

"மாத்தல் கேட்டு எழுதுனீகளா, இல்லையா?"

போன் அடித்தது. பவர் ஹவுஸ் ஜேசுராஜ்.

"அண்ணே, மதினி வந்திருக்காகளாம்ல! கம்பி எண்ண நெனப்பு இருக்கா, இல்ல கோழி அடிச்ச நெனப்புதானா?"

வெளியே மேகம் அடைத்துக் கிடந்தது. முத்துப்பேச்சி அழுதுகொண்டிருந்தாள். சுருளியாண்டி எழுந்திருக்கவில்லை.

"பதினொன்னு" என்றார். அது போன மணிநேரத்து எண்.

அரைமணியில் குழாய் உறுமியது. கீழே மிஷின் அதிர்ந்து நின்றுபோனது.

"மேகத்துல தெரியலன்னு எழுதிக்கிறேண்ணே" என்றான் ஜேசுராஜ்.

"நான் எறங்கலப்பா. அப்படியே எழுது."

அதை நேர்மை என்று உடனே பாராட்டிவிட முடியாது. செய்த தப்பும் சிலருக்குத் துணையாகிவிடுகிறது.

"என்னாலதான்" என்றாள் முத்துப்பேச்சி, மறுநாள் ஜீப்பில் ஏறும்போது.

"ஒன்னால இல்ல, பேச்சி."

2007இல் தண்ணீர் மட்டத்தைத் தானே கீழே அனுப்பும் கருவி வந்தது. போன் அடிப்பது நின்றது. யாரும் கேட்காமலேயே அவர் ஏணியில் இறங்கி எண்ணிக்கொண்டிருந்தார். மூன்றாம் மாதம் கம்பம் ஆபீசுக்கு மாற்றல் வந்தது. விருப்பமில்லாவிட்டால் அதற்கான படிவத்தில் எழுதிக் கொடுக்கலாம். முத்துப்பேச்சி வீட்டுக்கு வெள்ளையடித்து, புதுக் கட்டில் வாங்கிப் போட்டிருந்தாள்.

சுருளியாண்டி படிவத்தை நிரப்பினார். 2010இல் ஓய்வு பெறும்வரை மலையிலேயே இருக்க விருப்பம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, ஜீப்காரரிடம் கொடுத்தனுப்பினார். காரணம் என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை.