வெறுங்கையில் ஒரு கயிறு

சர்க்கார் சம்பளத்தில் மோப்பம் பிடித்துப் பிழைத்தவர்கள் யாராவது இருந்தால் வாருங்கள், நம் கஷ்டம் நமக்குத்தான் தெரியும். எழுபதுகளில், பாலக்காடு, இடுக்கி எல்லை ஸ்டேஷன்களில் பிடிபட்டவர்கள் என்ன போதையில் இருக்கிறார்கள், புதிதாக எது பரவுகிறது என்று பார்த்து எழுதுவது என் வேலை. கஞ்சா என்றால் கசக்கிய உள்ளங்கையின் வாடையே சொல்லிவிடும். அந்த வருஷம் புதிதாக வந்தது ஊமத்தை விதை போட்ட சாராயம். குடித்தவன் வெறுங்கையால் தன் தொழிலைச் செய்துகொண்டே இருப்பான். ஆஸ்பத்திரிக்கு அனுப்பாவிட்டால் உயிருக்கே ஆபத்து.

சக்குபள்ளத்து ஏலக்காய்

எஸ்டேட் தகராறில் வந்த ஆள், லாக்கப்பில் குத்தவைத்து சிமெண்டுத் தரையில் ஏலக்காய் பறித்து மடியில் போட்டுக்கொண்டிருந்தார். போலீஸ்காரர்கள்கூட அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் போனார்கள். நான் மட்டும் விறைப்பாக நேரே போனேன். அவர் கோபமே இல்லாமல் சொன்னார்: "தள்ளி நில்லுங்கய்யா, செடிய மிதிக்கிறீகளே."

எலப்புள்ளி கண்டக்டர்

அடிதடிக் கேஸில் வந்த பஸ் கண்டக்டர், ஆளில்லாத அறையில் நெளிந்து நெளிந்து போய் டிக்கெட் கிழித்தார். எனக்கும் ஒன்று நீட்டினார். வாங்கிக்கொண்டேன், வேறென்ன செய்ய? அப்புறம் என் தோளுக்கு மேலே பார்த்தார். நான் திரும்பவே இல்லை. "ஏனுங்க, உங்களுக்குப் பின்னால நிக்கற அம்மா எங்க எறங்கோணும்னு கேட்டுச் சொல்லுங்க."

கொழிஞ்சாம்பாறைக் கிணறு

கிணறு வெட்டும் பழனி, சந்தையில் ரகளை செய்து முந்தின நாள் சாயங்காலம் உள்ளே வந்தவன். காலையில் நான் போனபோது இல்லாத கயிற்றைக் கீழே விடுவதும் இழுப்பதுமாக இருந்தான். விடிய விடிய இதே வேலையாம். ஊமத்தைதான் என்று எழுதி, ஆஸ்பத்திரிக்கு ஏற்றச் சொன்னேன்.

அப்போது மாராத்தாள் என்ற பெண் வந்தாள். பழனியோடு வேலைக்குப் போன புருஷன் வீடு திரும்பவில்லையாம். கம்பி வழியாகப் பழனியின் கைகளையே பார்த்தாள். "கயித்த உட்டுட்டே இருக்காரேங்க. அப்ப எங்க ஊட்டுக்காரரு இன்னும் கெணத்துக்குள்ளதானுங்க இருக்காரு," என்றாள். இத்தனை பேரைப் பார்த்த எனக்கு அது தோன்றவே இல்லை.

அவர்கள் வெட்டிக்கொண்டிருந்த கிணற்றுக்கு ஓடினோம். நிஜக் கயிறு மேட்டில் சுருட்டியபடி கிடந்தது. நல்லவேளை, கால் பிசகினாலும் மனுஷன் உயிரோடு இருந்தார். மேலே தூக்கியதும் பழக்கதோஷத்தில் வாயை மோந்தேன். சாராய வாடையே இல்லை. மாராத்தாளின் தோளைப் பிடித்துக்கொண்டு நடுங்கியபடி சொன்னார்: "ராத்திரி பூரா மேல இருந்து கயிறு எறங்கி வந்துட்டே இருந்துச்சுங்க. புடிக்கப் போனாத்தான் கையில சிக்கலீங்க."

பிடிபட்டவன் என்ன குடித்தான் என்று மட்டும்தான் சர்க்கார் கேட்டது. குடிக்காதவர் கண்டதை எழுத அந்த ரிப்போர்ட்டில் இடமில்லாததால் உங்கள் தலையில் கட்டுகிறேன்.