சித்தப்பா லினக்ஸுக்குப் போட்ட மனு

உப்பளம் பகுதியில் எங்கள் தெருவிளக்கு எரியாவிட்டால் யாரும் மின்சார அலுவலகத்துக்குப் போக மாட்டார்கள். சித்தப்பாவிடம் சொல்வார்கள். அவர் மனு எழுதுவார். ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று தொடங்கி, குடும்ப நிலவரம் முழுவதையும் சொல்லி அழவைத்துவிட்டு, கடைசியில்தான் விளக்குக்கு வருவார். சில நாளில் விளக்கும் எரியும். மனுவால் எரிந்ததா, தானாக எரிந்ததா என்று கேட்க எவருக்கும் மனம் வந்ததில்லை.

நான் ஐந்தாவது படிக்கும்போது, பிரான்சில் இருக்கும் மாமா லீவுக்கு வந்து, தன் பழைய லேப்டாப்பை அக்காவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் விண்டோஸ் கிடையாது, லினக்ஸ். கீபோர்டும் பிரெஞ்சுக்காரர்களுடையது. நம் ஊர்க் கம்ப்யூட்டரில் ‘க்யூ’ இருக்கும் இடத்தில் அதில் ‘ஏ’ இருக்கும். அக்கா இரண்டு நாள் தடுமாறிவிட்டுப் பழகிக்கொண்டாள். பாலிடெக்னிக் கடைசி வருட புராஜெக்ட் முழுவதையும் அதில்தான் செய்தாள்.

சித்தப்பாவுக்குத்தான் உறுத்தல். செட்டிங்ஸில் கீபோர்டுக்கு நேராக ‘பிரெஞ்சு’ என்று போட்டிருந்ததை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்துவிட்டார்.

“பிரெஞ்சுக்காரன் நம்ம ஊர உட்டுக் கப்பலேறி எத்தினி வருஷமாச்சு, இன்னும் அவன் பேரு எதுக்கு இங்க?” என்று ‘இங்கிலீஷ்’ என மாற்றினார்.

“இங்கிலீசு மட்டும் நம்ம மாமன் ஊட்டுதா?” என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டது அவர் காதில் விழவில்லை. சுதந்திரம் வாங்கிக் கொடுத்த திருப்தியோடு லேப்டாப்பை அணைத்து மூடினார்.

மத்தியானம் அக்கா திறந்தாள். பாஸ்வேர்டு தவறு என்றது. மறுபடி அடித்தாள். தவறு. மாமா வைத்த பாஸ்வேர்டு ‘அம்மா’, ஆங்கில எழுத்தில். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். மாமாவுக்குப் போன் போட்டால், “நான் ஒண்ணும் மாத்தலயே” என்றார். காலையில் நடந்த விடுதலைப் போரை இதோடு முடிச்சுப்போட எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. கடைத்தெருவில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர், “லினக்ஸா? எல்லாத்தையும் அழிச்சிட்டு புதுசா விண்டோஸ் போட்டுடலாம்” என்றார். மறுநாள் காலையில் புராஜெக்டைக் கொடுக்க வேண்டும். வேறெங்கும் அதற்குப் பிரதி இல்லை. அக்கா கடை வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும், லினக்ஸ்காரர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஓர் இணையதளத்தை அவளே அம்மாவின் போனில் தேடிப் பிடித்தாள். ஆனால் ஒரு வரி எழுதுவதும் அழிப்பதுமாகவே இருந்தாள். அவ்வளவுதான், சித்தப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

“நீ அடி பாப்பா, நான் சொல்றேன்.”

அவர் மனுவை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். கேள்வியைச் சுருக்கமாகக் கேட்கவும் என்று மேலேயே எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினேன். “அது மத்தவங்களுக்கு” என்றார். அப்பாவின் மீன் வியாபாரம், குடும்பத்தில் பாலிடெக்னிக் படியேறிய முதல் பெண் அக்கா என்பது, மாமா, பிரான்சு, எழுத்து இடம்மாறிய கீபோர்டு, அதிலிருந்து தாமே பிரெஞ்சை அப்புறப்படுத்திய தேசபக்தி, எல்லாம் வந்தது. பாஸ்வேர்டு கடைசியில் வந்தது. ‘தங்கள் உண்மையுள்ள’ என்று முடித்தார்.

முதல் பதில் உடனே வந்தது. ரொம்ப நீளம், விஷயத்தை மட்டும் சொல்லுங்கள் என்றது.

“இவன் கிளார்க்கு. ஃபைலு மேல போவும், இரு” என்றார் சித்தப்பா.

மேலேதான் போனது. அடுத்து எழுதியவர் ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்றே தொடங்கியிருந்தார். நீங்கள் பிரெஞ்சை எடுத்துவிட்டீர்கள், ஆனால் விசைகளின் மேல் அச்சடித்த எழுத்து இன்னும் பிரெஞ்சுதான். பாஸ்வேர்டு புள்ளி புள்ளியாகத் தெரிவதால் என்ன விழுகிறது என்று உங்களுக்குத் தெரிவதில்லை. அதைப் பெயர் எழுதும் கட்டத்தில் அடித்துப் பாருங்கள், எனக்குச் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தார்.

“எவனோ ஒருத்தன் சொல்றான்னு பாஸ்வேர்ட வெளிய எழுதுவியா?” என்று சித்தப்பா தடுத்தார். அக்கா கேட்கவில்லை. அடித்தாள். ‘ஏ’யைத் தட்டினால் ‘க்யூ’ விழுந்தது. ‘எம்’மைத் தட்டினால் ஏதோ அரைப்புள்ளி விழுந்தது. எழுத்துகள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று ஒவ்வொரு விசையாகத் தட்டிக் கண்டுபிடித்தாள். ‘க்யூ’வில் ‘ஏ’ இருந்தது, காற்புள்ளியில் ‘எம்’ இருந்தது. அப்படியே பாஸ்வேர்டை அடித்தாள். திறந்துகொண்டது. புராஜெக்ட் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. அம்மா தன் போனை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சித்தப்பா உடனே நன்றி மனு சொல்லத் தொடங்கினார். தங்களுக்குப் பதவி உயர்வு வழங்கும்படி எழுத விரும்புகிறேன், மேலதிகாரியின் பெயரைத் தெரிவிக்கவும் என்றார். பதிலை அக்கா தமிழில் சொன்னாள்: “எனக்கு மேலதிகாரி இல்லை. நான் இங்கே வேலை பார்க்கவில்லை. உங்கள் கடிதம் பிடித்திருந்தது, முழுவதும் படித்தேன். உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு என் வாழ்த்து.”

அந்த மனிதரின் ஊரும் தெரியாது, முகமும் தெரியாது. முன்பின் தெரியாத ஒரு வீட்டின் புலம்பலைக் கடைசி வரி வரை பொறுமையாகப் படித்தாரே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். ஆனால் அன்று எனக்கு வந்தது நன்றியல்ல, பரிதாபம். அந்த வெள்ளிக்கிழமை வீராம்பட்டினம் அம்மன் கோயிலில் அக்கா பாஸாக வேண்டும் என்று அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். நானோ, இவ்வளவு தெரிந்தவரை இன்னும் வேலைக்கு எடுக்காமல் வைத்திருக்கிறார்களே என்று வருந்தி, அவருக்கு அங்கேயே ஒரு வேலை போட்டுக் கொடு தாயே என்று கண்ணை இறுக மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.